பால்வெட்டு இல்லாத நாளின் காளான் கறி

சித்தி அரநாயக்கவில் இருந்து கோல் எடுத்தால் முதலில் மழையைப் பற்றித்தான் சொல்வார். "ராத்திரி பூரா மழ. பால்வெட்டு இல்ல. காளான் பூத்திருக்கு." பல வருடங்களாக இந்த மூன்றையும் நான் மூன்று தனிச் செய்திகளாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஊடகக் கற்கை படித்து, அங்கேயே தங்கி, தோட்டச் சம்பளம் பற்றியும் லயன் வீடுகள் பற்றியும் எழுதத் தொடங்கிய பிறகும், காளான் எனக்கு ஊர் நினைவாகத்தான் இருந்தது. அதுவும் சம்பளத்தோடு சேர்ந்த விஷயம் என்று விளங்க எனக்கு 2022 வரவேண்டியிருந்தது.

ரப்பர் தோட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். விடிகாலையில் மரப்பட்டையைச் சரிவாகச் சீவி, வழிகிற பாலைச் சிரட்டையில் பிடிப்பதுதான் பால்வெட்டு. மரம் நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டின் வழியே இறங்காது. பட்டை முழுக்கப் பரவி, மழைத் தண்ணீரோடு கரைந்து போகும். சில தோட்டங்களில் மரத்துக்கு மழைக்காப்பு கட்டியிருப்பார்கள். சில இடங்களில் அன்றைக்குப் புல்வெட்டு, கான்வெட்டு என்று வேறு வேலை கொடுப்பார்கள். ஆனால் எல்லாருக்கும் அது கிடைக்காது. வேலை இல்லாத நாளுக்குப் பேர் விழாது, பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. தேயிலை மலையில் கொங்காணியைப் போட்டுக்கொண்டு மழையிலும் கொழுந்து எடுக்கலாம். ரப்பரில் மழை என்றால் மழைதான்.

காளானுக்கு வேண்டியதும் அதே மழை. சில நாள் வெயில் அடித்து, பிறகு ஒரு இரவு முழுக்கப் பெய்தால், புற்றைச் சுற்றி மண் பிளந்து வெள்ளை மொட்டுகள் தலைநீட்டும். ஆகவே காளான் கிடைக்கும் காலையும் கையில் காசு வராத காலையும் பெரும்பாலும் ஒரே காலைதான். மலையகத்தின் இந்தப் பக்கத்தில் காளான் கறிக்கு உள்ள இடத்தை இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

மலையகம் என்றதும் பலருக்கு நுவரெலியாதான் மனதில் வரும். சப்ரகமுவ வேறு மாதிரி. மாவனெல்லையில் பஸ் ஏறி அரநாயக்கவுக்குப் போகும்போது பத்தலேகல மலையின் செங்குத்துப் பாறை ஒரு வளைவில் இடப்பக்கமும் அடுத்த வளைவில் வலப்பக்கமும் தெரியும். ரப்பர், சிறு தேயிலைக் காணிகள், கராம்பு, மிளகு, கித்துல், பலா எல்லாம் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். தோட்டங்கள் சிறியவை, சிதறியவை, நான்கு பக்கமும் சிங்களக் கிராமங்கள். லயத்துப் பிள்ளைகளில் பலர் சிங்களப் பாடசாலைக்குப் போகிறார்கள். தமிழ் வீட்டுக்குள் பேசும் மொழியாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

காளான் பெயர்களைக் கேட்டாலே அது தெரிந்துவிடும். அம்மாயி, அதாவது என் அம்மாவின் அம்மா, புற்றுக்காளான் என்றும் அரிசிக்காளான் என்றும் சொல்வார். சித்தி முதலாவதை 'ஹெலிஹத்து' என்பார், கொத்துக்கொத்தாகப் பூக்கும் சின்னதை 'இந்தலொலு' என்பார். சித்தியின் மகளுக்குச் சிங்களப் பெயர் மட்டும்தான் தெரியும். வெட்டிப்போட்ட ரப்பர் கட்டைகளில் விசிறி விசிறியாகப் படரும் சின்னக் காளானுக்கு எங்கள் வீட்டில் தமிழ்ப் பெயரே இருந்ததில்லை, அது எப்போதும் 'லேனா ஹத்து'தான். தாய்லாந்திலும் மலேசியாவிலும் அதே காளானை விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று பிறகு அறிந்தேன். பெயர் மொழி மாறினாலும் அடையாளம் தவறவில்லை. கிராமத்து நோனாவும் லயத்து அம்மாயியும் ஒரே புற்றைச் சுற்றி நின்றுதான் அதைப் படித்தார்கள். இன மோதல்களைப் பற்றி இத்தனை எழுதியிருக்கிறோம், இப்படி ஒன்றாகப் படித்ததைப் பற்றி நாங்கள் எழுதுவதில்லை.

அம்மாயி காளானைத் தண்ணீரில் ஊறவிட மாட்டார். மண்ணுக்குள் நீண்டிருக்கும் வேர் போன்ற காம்பைச் சீவி எறிந்துவிட்டு, மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் இரண்டு தடவை அலசி எடுப்பார். கத்தி படக்கூடாது என்பார். கையால் நீளவாக்கில் கிழிக்கும்போது கோழி இறைச்சியின் நார் மாதிரிப் பிரியும். சட்டியில் கொஞ்சம் எண்ணெய், கடுகு, வெந்தயம், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ரம்பை. காளானைப் போட்டதும் அதுவே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்றும் வரை மூடி போடக்கூடாது. பிறகு மிளகைத் தட்டிப் போட்டு, தேங்காயின் முதற்பாலை விட்டு, ஒரு கொதியில் இறக்க வேண்டும். அரிசிக்காளானைக் கிழிக்கத் தேவையில்லை, கழுவுவதற்குத்தான் பொறுமை வேண்டும். வீட்டில் முட்டை இருந்தால் அதில் உடைத்து ஊற்றுவார். இல்லாத நாளில் மிளகும் உப்பும் போட்டுச் சுண்டவைத்து, அவித்த மரவள்ளியோடு தருவார். இப்போது சித்தி பெரும்பாலும் செய்வது இந்தக் கடைசி வகைதான். 2024 கடைசியில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டதில் இருந்து முதற்பால் ஊற்றிய காளான் கறி எங்கள் வீட்டில் விருந்துச் சாப்பாடாகிவிட்டது.

இந்தக் கட்டுரைக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது மேற்கு ஆபிரிக்காவின் கானாவில் இதே காளானுக்கு இதே மாதிரி ஒரு சமையலறை இருப்பதைக் கண்டேன். அங்கும் மழை தொடங்கியதும் பெண்களும் பிள்ளைகளும் புற்றுகளைத் தேடிப் போகிறார்கள். எண்ணெய்ப்பனையை வெட்டிச் சாய்த்த இடங்களில், உக்கும் மரத்தில் பூக்கும் வைக்கோல் காளானையும் பறிக்கிறார்கள். நிலக்கடலைச் சூப்பிலும் பனம்பழச் சூப்பிலும் இறைச்சி இருக்க வேண்டிய இடத்தில் காளானைப் போட்டு, மரவள்ளியும் வாழைக்காயும் இடித்த ஃபூஃபூவோடு சாப்பிடுகிறார்கள். மிஞ்சியதைக் காயவைத்து, புகையூட்டி, மழையில்லாத மாதங்களுக்கு எடுத்து வைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் காயவைத்து எடுத்து வைத்ததை நான் கண்டதில்லை. எடுத்து வைக்கும் அளவுக்கு மிஞ்சியதும் இல்லை.

இந்த ஒற்றுமைக்கு ஒரு காரணம் இருக்கிறது. புற்றுக்காளான், விஞ்ஞானப் பெயரில் டெர்மிட்டோமைசிஸ், கறையானின் பயிர். கறையான் செத்தைகளை மென்று புற்றுக்குள் தேன்கூடு போன்ற பாத்திகளைக் கட்டி அதில் இந்தப் பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை செத்தையைச் செரித்துக் கறையானுக்கு உணவாக்குகிறது. இந்தக் கூட்டு சுமார் 3 கோடி வருடங்களுக்கு முன் ஆபிரிக்க மழைக்காடுகளில் தொடங்கி ஆசியாவுக்கு வந்தது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. உயிருள்ள கறையான் இல்லாமல் இதை வணிக அளவில் வளர்க்கும் வழியை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. சந்தையில் பெட்டியில் வரும் சிப்பிக்காளானும் மொட்டுக்காளானும் வேறு இனங்கள். புற்றுக்காளான் வேண்டும் என்றால் புற்றும், அதைச் சுற்றிக் கிளறாத மண்ணும் இருக்க வேண்டும்.

பெருந்தோட்டம் மண்ணைப் பார்க்கும் கண் வேறு. 1905இல் இலங்கைக்கு வந்து பேராதனையில் பணியாற்றிய ஆங்கிலேயப் பூஞ்சை விஞ்ஞானி டொம் பெட்ச், அடுத்த வருடமே கறையான் புற்றுப் பூஞ்சைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். இன்றும் இந்தத் துறையில் பேசப்படும் வேலை அது. ஆனால் அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது அதற்காக அல்ல. ரப்பர் மரத்தின் நோய்களைப் பற்றி 1921இலும் தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றி 1923இலும் அவர் எழுதிய நூல்கள்தான் தோட்டங்களுக்குப் பயன்பட்டவை. தோட்டத்துக்குப் பூஞ்சை என்றால் வேரழுகல், கொப்புள நோய், இலையுதிர்வு. லயத்துக்குப் பூஞ்சை என்றால் ஒரு நேரக் கறி. அந்தக் கறியைப் பற்றி நூறு வருடத் தோட்ட ஆவணங்களில் எங்காவது ஒரு வரி இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இனி 2022. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். கோதுமை மாவின் விலையில் ரொட்டியே சுருங்கிப்போன காலம். தோட்டத்தில் அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா, அதுவும் பேர் விழுந்த நாளுக்கு மட்டும். தொலைக்காட்சியில் இயற்கை தந்த உணவுக்குத் திரும்புவோம் என்ற பேச்சு. காட்டுக்கீரை, கிழங்கு, காளான் என்று அடுக்கினார்கள். பத்திரிகைகளிலும் அப்படிப்பட்ட கட்டுரைகள் வந்தன. நானும் அப்படி ஒன்றை எழுதக் கேட்கப்பட்டேன், பாதி எழுதியும் விட்டேன்.

அந்தப் பாதியை நிறுத்தியது என் மாமி வீட்டில் நடந்தது. தொடர் மழையில் இரண்டு கிழமை பால்வெட்டு சரியாக இல்லை. வழக்கமான புற்றுகளில் வழக்கமானவர்கள் முந்திவிட்டார்கள். மாமியும் இரண்டு பிள்ளைகளும் வீதியோரப் புல்தரையில் பூத்திருந்த, குடை விரிந்த வெள்ளைக் காளானைப் பறித்துச் சமைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் மூவருக்கும் வாந்தியும் வயிற்றோட்டமும். ஓர் அரச வைத்தியசாலையில் இரண்டு நாள் இருந்து மீண்டார்கள். அங்கே மாமி கேட்ட கேள்வி ஒன்றுதான்: இதையெல்லாம் ஏன் சாப்பிடுகிறீர்கள், தெரியாதா?

மாமிக்குத் தெரியும் என்பதுதான் இங்கே சிக்கல். புல்தரைக் காளானைத் தொடாதே என்று அம்மாயியிடம் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர். வழக்கமான ஒரு வருடமாக இருந்திருந்தால் அதைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார். அன்றைக்குச் சட்டியில் போட வேறு எதுவும் இல்லை, இதுவும் கிட்டத்தட்ட அதுமாதிரித்தானே இருக்கிறது என்று மனம் சொன்னது. மழைக்காலத்தில் தோட்டங்களில் காளான் நஞ்சாகி ஆட்கள் வைத்தியசாலைக்குப் போனார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் அடியில் 'விழிப்புணர்வு இன்மை' என்று ஒரு வரி இருக்கும். நானும் அந்த வரியை எழுதியிருக்கிறேன். அறிவு இருந்தும் அதன்படி நடக்க முடியாத அளவுக்குத் தெரிவு சுருங்கிப்போனதை அந்த வரி மறைத்துவிடுகிறது.

வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் காளான் நஞ்சுக்குப் பொதுவான காரணமாக இருப்பது, புல்தரையில் வளரும் குளோரோஃபில்லம் என்ற பெரிய வெள்ளைக் குடைக்காளான். மாமி பறித்ததும் அதுவாக இருக்கலாம், மிச்சத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை. அது வயிற்றைப் புரட்டும், பெரும்பாலும் உயிரை எடுக்காது. இதைவிட ஆபத்தானவை அமாடொக்சின் என்ற நஞ்சுள்ள காளான்கள். அவற்றைச் சாப்பிட்டால் 6 மணித்தியாலம், சில சமயம் ஒரு நாள் வரைகூட ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, வயிற்றோட்டம். பிறகு சுகமானது போல ஒரு நாள். அதற்குப் பிறகு ஈரல் செயலிழக்கும். சமைப்பதால் அந்த நஞ்சு அழியாது. வெள்ளி நகையைப் போட்டுப் பார்ப்பது, பூண்டோ அரிசியோ நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, பூச்சி தின்றிருந்தால் நல்லது என்பது, இவற்றில் எதுவும் சோதனை இல்லை. இந்த விஷயத்தில் அம்மாயியோடும் எனக்குச் சண்டை உண்டு. அவர் மஞ்சளை நம்பினார். உண்மையில் அவரைக் காப்பாற்றியது மஞ்சள் அல்ல, தெரிந்த புற்றைத் தவிர வேறு இடத்தில் பறிக்காத பழக்கம். சாப்பிட்ட பிறகு சந்தேகம் வந்தால் வாந்தி நிற்கும் வரை காத்திருக்கக் கூடாது. 1990 அம்பியூலன்ஸை அழைத்து, மிச்சக் காளானைக் கடதாசியில் சுற்றிக் கையோடு கொண்டுபோக வேண்டும், சாப்பிட்ட நேரத்தைச் சொல்ல வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்திடம் வைத்தியர்கள் ஆலோசனை கேட்க முடியும்.

ஊட்டச்சத்துப் பேச்சையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். காளானை ஏழைகளின் இறைச்சி என்பார்கள். காய்ந்த காளானில் புரதம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பறித்த காளானில் சுமார் 90 வீதம் தண்ணீர், 100 கிராமில் 2 முதல் 4 கிராம் வரைதான் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு முட்டையின் புரதத்தைக் காளானில் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ வேண்டும், அதுவும் வருடத்தில் சில கிழமை மட்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். 2019 வீட்டு வருமான ஆய்வில் நாட்டின் வறுமை 14.3 வீதமாக இருந்தபோது தோட்டத்துறையில் 33.8 வீதம். இந்த இடைவெளியைக் காட்டு உணவு நிரப்பும் என்று சொல்வது, சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க நல்ல வழி. அம்மாயி 1974ஐப் பற்றிச் சொல்லும்போது காளானைப் பெருமையாகச் சொன்னதே இல்லை. தோட்டங்களில் மரண வீதம் ஏறிய பஞ்ச வருடங்கள் அவை. கிழங்கு, இலை, காளான் என்று அவர் அடுக்கிய பட்டியலின் கடைசியில் எப்போதும் ஒரு பிள்ளையின் பெயர் வரும்.

சம்பளக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1,000 ரூபா 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படையை 1,550 ஆக்கி, வரவுக்கு அரசாங்கம் 200 ரூபா தந்து, மொத்தம் 1,750 ஆகும் என்று அறிவிக்கப்பட்டது. கூடியிருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 200 ரூபா வரவோடு கட்டப்பட்டது. பால்வெட்டு நின்று, மாற்று வேலையும் கிடைக்காத நாளில் அடிப்படையும் இல்லை, வரவுப்பணமும் இல்லை. நாட்சம்பளத்தின் தொகையைப் பற்றித்தான் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் வருடக்கணக்காக மோதுகின்றன. மாதத்தில் எத்தனை நாள் வேலை, மழை நாளுக்கு என்ன என்பது ரப்பர் தோட்டத்துக்கு அதே அளவு முக்கியம். சப்ரகமுவவுக்குத் தொழிற்சங்க மேடைகளில் குரல் குறைவு என்பதால் இது பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

புற்றுகளுக்கும் ஒரு கதை இருக்கிறது. களைநாசினி கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டது, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டது, 2021இல் எல்லா விவசாய இரசாயனங்களோடும் சேர்ந்து நின்றது, 2022இல் மறுபடி வந்தது. கொழும்பில் வர்த்தமானி மாறுகிற வேகத்தில் மலையில் மருந்து மாறியது. மருந்தடித்த இடத்தில் காளான் பறிக்கக்கூடாது என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். காளான் தான் நிற்கும் மண்ணில் உள்ளதை, உலோகங்கள் உட்பட, உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புள்ளது. ஆனால் எந்த மலையில் எப்போது அடித்தார்கள் என்று வீடுகளுக்கு அறிவிக்கும் வழக்கம் எங்கள் தோட்டத்தில் இல்லை. மருந்தடித்தவர் வீட்டுப் பெண் சொன்னால் உண்டு. சித்தி தன் புற்றுகளில் இரண்டை அப்படித்தான் கைவிட்டார்.

மழையின் மற்ற முகத்தை அரநாயக்கவில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள், பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய பக்கத்தில் லயன் வீடுகளும் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனபோது மலை மாவட்டங்கள் மறுபடி சரிந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் வெளியேறச் சொல்லிச் சிவப்பு எச்சரிக்கை விடுகிறது. நல்ல காளான் மழை இந்த மஞ்சள் கோட்டுக்கு வெகு தூரத்தில் இல்லை. விடியும் முன் மலைச்சரிவில் ஏறிப் பற்றைக்குள் குனிந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எச்சரிக்கை கைத்தொலைபேசிக்கு வரும், அது அடுப்படித் தட்டில் இருக்கும்.

அப்படியானால் வளர்க்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். புற்றுக்காளானை முடியாது, சிப்பிக்காளானை முடியும். மரத்தூளோடு அரிசித்தவிடும் சுண்ணாம்பும் கலந்து, பையில் அடைத்து, அவித்து, வித்தை இட்டு, இருட்டும் ஈரமும் உள்ள கொட்டிலில் வைக்க வேண்டும். கானாவில் 1990களில் அரசாங்க உணவு ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூளில் சிப்பிக்காளான் வளர்ப்பதைச் சிறு விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தது. இங்கே விவசாயத் திணைக்களமும் பல காலமாகப் பயிற்சி கொடுக்கிறது. இலங்கையில் இதற்கு அதிகம் பயன்படுவது ரப்பர் மரத்தூள். சித்தி பால் வெட்டிய மரம் வயதாகி மர ஆலைக்குப் போய்த் தூளாகி, மாவனெல்லைப் பக்கத்தில் யாரோ ஒருவரின் கொட்டிலில் காளானாகப் பூக்கிறது. அதில் தவறு இல்லை, அந்த ஆளுக்கு ஒரு காணி இருக்கிறது.

சித்திக்கு இருப்பது 10 அடிக்கு 12 அடி அறையும் ஒரு குசினியும். கொட்டில் போட லயத்துக்குப் பின்னால் இடம் இருக்கிறது, ஆனால் அது தோட்டத்தின் இடம். 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் அரசாங்கம் எடுத்து, 1992இல் நிர்வாகத்தைத் தனியார் கம்பனிகளிடம் கொடுத்த நிலம். 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று காணியோடு வீடு தரும் திட்டங்கள் வந்தன, சில தோட்டங்களில் கட்டியும் கொடுத்தார்கள். சிறிய, சிதறிய ரப்பர் தோட்டங்களுக்கு வரும்போது வரிசை மெதுவாகிவிடுகிறது. இருநூறு வருட மலையக வரலாற்றை நினைவுகூர 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் கேட்டவற்றுள் காணியும் ஒன்று. காளான் பறிக்கும் பற்றைக்கும் இது பொருந்தும். தோட்ட எல்லைக்குள் பறிப்பது நிர்வாகம் கண்டும் காணாமல் விடும் வரை. எல்லை தாண்டி ஒதுக்குக் காட்டுக்குள் போனால் அனுமதியின்றி எதை எடுத்தாலும் வனச் சட்டப்படி குற்றம். நாட்டுப் பக்கத்து நோனா தன் காணியில் பறித்ததைக் கண்டி வீதியில் இலையில் சுற்றி வைத்து விற்கலாம். சித்தி அப்படி உட்கார்ந்தால் எங்கே பறித்தாய் என்ற கேள்விதான் முதலில் வரும்.

கொட்டில் போட இடம் கேட்டுச் சித்தி தோட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறார். கடிதத்தைச் சிங்களத்தில் எழுதியது அவருடைய மகள். சிப்பிக்காளானின் சிங்களப் பெயர் சரியா என்று கேட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். போன மாதம் கேட்டபோது பதில் வரவில்லை என்றார்கள். அன்றைக்கும் மழை, செம்மஞ்சள் எச்சரிக்கை. சித்தி மலைக்குப் போகவில்லை. பக்கத்து நோனா தன் காணியில் பறித்த இந்தலொலுவில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து கொடுத்தாராம். தேங்காய் வாங்கவில்லை, மிளகு போட்டுச் சுண்டவைத்தேன் என்றார்.